சார்ஜன் தொப்பிக்குள் ஒரு முட்டை

என் கோழி முள்வேலிக்கு அடியில் நுழைந்து போய், வெளியே ஒரு புதரில் பதினோரு முட்டை இட்டு வைத்தது. அதற்கு என் புருஷன் சன்னாசியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஐம்பத்திரண்டாம் வருஷம், மலாயாவில் அவசரகாலம். சுங்கை சோ பக்கத்தில் ரப்பர் தோட்டம்; எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி வேலி, கேட்டில் காவல். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டு போகக் கூடாது. அந்தப் புதரோ சன்னாசி பால்வெட்டும் மரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

பிடித்தவர் சார்ஜன் பெர்னாட். கடலோரத்து ஜெராமில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கோழியைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறார்.

“பதினோரு வீட்ல ஆளுக்கு ஒண்ணா வாங்கி, உன் புருஷன் காட்டுக்கு அனுப்பப் பாத்திருக்கான்.”

“ஒரே கோழிங்க ஐயா. ஒரு நாள் போடும், மறுநாள் சும்மா இருக்கும். பதினொண்ணு சேர மூணு வாரம் ஆச்சு.”

“மூணு வாரமா? எங்க ஊரு மீனு ஒரே மூச்சுல ஆயிரம் போடும் லா!”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மீனையே பிடித்து அடைகாக்க வையுங்கள் என்று சொல்லியிருப்பேன். மனுஷன் உள்ளே இருக்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

கோழி தன் கண்முன்னால் அந்தப் புதரில் முட்டையிட்டால் சன்னாசியை விட்டுவிடுவதாகச் சொன்னார். இரண்டு நாள் ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். கோழி வந்தது, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தது, திரும்பிப் போனது. பின்னே என்ன? சாட்சி என்று பதினொன்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஒன்றையாவது விட்டுவைத்தால்தானே கோழி அதே இடத்துக்கு வரும்!

“ஒரு முட்டையத் திருப்பி வைங்க ஐயா,” என்றேன்.

மறுநாள் கேட்டுக்கு வந்தபோது சார்ஜனின் நடையே சரியில்லை. கழுத்து விறைத்திருந்தது. காவலுக்கு நின்ற செல்லன் வேலைக்குப் புதிது, சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். “யாரா இருந்தாலும் சோதனைதான் சார்ஜன்,” என்று தொப்பியைத் தட்டினான். மஞ்சள்கரு நெற்றியில் இறங்கி, மூக்கில் வழிந்து, மீசையில் வந்து நின்றது.

“சாப்பாடு!” என்று கத்தி விசில் ஊதினான் செல்லன்.

“காட்டுக்கு இல்லடா, கோழிக்கு! வேலிக்கு வெளிய போயி முட்டை போடுற கோழிடா!”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க சார்ஜன்.”

பெர்னாட் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பெரிய அதிகாரி வரும்வரை சார்ஜனையும் ஸ்டேஷனில் அடைத்து வைத்தான் செல்லன். மத்தியானம் வந்த அதிகாரி, தானே அனுமதிச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு முட்டையோடு என்னை அழைத்துக்கொண்டு போனார். முட்டையை வைத்துவிட்டு மறைந்து நின்றோம். மகராசி வந்தாள், பார்த்தாள், உட்கார்ந்தாள், ஒன்று போட்டாள். மீதிப் பத்துக்காக அதிகாரி சாயங்காலம் வரை காத்திருந்தார்.

“அவ்வளவுதாங்க. இனி நாளன்னிக்கு,” என்றேன்.

இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். சன்னாசியைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“உள்ள என்னதான் நடந்துச்சு?”

“ஒண்ணுமில்ல புள்ள. மீசையில முட்டையோட சார்ஜன் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. நான் நகந்து இடம் குடுத்து, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: ‘உங்க கோழியும் வெளியதான் போடுதுங்களா ஐயா?’”