பத்தொன்பதாம் பக்கத்து ஆட்டுத் தலை

பெரிசாத் ஒரு கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை படித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் 'இந்த வாரம் வாசித்தவை' என்று ஏழு கட்டுரைகளைப் பரிந்துரைத்து நாலாயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். வடிவமைப்பு, தொழில்நுட்பம், படைப்பாற்றல் என்று மூன்று சொற்கள் கொட்டை எழுத்தில் மேலே இருக்கும். தலைப்பைப் பார்ப்பாள், முதல் பத்தியைப் பார்ப்பாள், "என்னை உலுக்கிவிட்டது" என்று எழுதிவிடுவாள். போன வாரம் உலுக்கியிருந்தால் இந்த வாரம் "தூக்கத்தைக் கெடுத்தது". பிஷ்கேக்கில் வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் காபிக் கடையில் பேச்சை ஓட்டினார்கள். அவர்களும் கட்டுரைகளைப் படிக்கவில்லை, அவள் எழுதிய இரண்டு வரியைத்தான் படித்தார்கள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த ஆண்டு வடிவமைப்பாளர் சங்கம் ஒரு புத்தகம் போடுவதாக இருந்தது. அதற்குத் தொகுப்பாசிரியர் தான்தான் என்று பெரிசாத் முடிவே கட்டிவிட்டாள். அவள் அம்மா ஒரு படி மேலே போய், நல்ல சேதி சொன்னவருக்குப் பரிசு தரவேண்டும் என்ற வழக்கத்தைச் சொல்லி, நாரினில் இருக்கும் சித்தியிடம் ஒரு மின்சாரக் கெட்டிலையே கறந்துவிட்டாள். முப்பத்துநாலு வயதுவரை மற்றவர்கள் வரைந்த சின்னங்களுக்கு நிறம் மாற்றியே காலத்தை ஓட்டியவளுக்கு, தன் பெயரை ஒரு புத்தக அட்டையில் பார்த்தே தீரவேண்டும் என்ற வெறி இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

புத்தகத்துக்காகச் சங்கத்தார் ஏழு பேர் எழுதிய கட்டுரைகள் சங்கத்தின் இணையதளத்தில் வெளியாயின. பெரிசாத் ஏழையும் அந்த வாரக் கடிதத்தில் போட்டாள். வரிசையைக் கணினியிடம் விட்டாள். யார் கட்டுரையை அதிகம் பேர் திறக்கிறார்களோ அவர் மேலே. இருபத்துநாலு வயது எர்மெக் முதலிடம். சங்கத் தலைவர் சொவேத்பெக், வயது எழுபத்தொன்று, நகரத்து டிராலிபேருந்துச் சீட்டையும் தயிர்ப் புட்டியில் ஒட்டும் சீட்டையும் வரைந்த பெருமான், கடைசி.

பத்து நிமிடத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மா, எனக்கு எந்த எலும்ப வச்சிருக்க?"

"எலும்பா, அகாய்?" என்றாள் பெரிசாத், பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு.

"ஏழு பேருக்கு விருந்து வச்சிருக்கேல்ல? அந்தப் பொடிப்பய எர்மெக்குக்கு இடுப்பெலும்பு. எனக்குக் கழுத்து! கழுத்த எந்த விருந்தாளிக்காவது வைப்பாங்களா?"

"நான் வைக்கல, அகாய். கணினிதான் தானா அடுக்குது."

"ஏன், கணினிக்கு வயசு தெரியாதா? அதப் பெத்தவங்க ஒண்ணும் சொல்லிக்குடுக்கலையா?"

விருந்தில் ஆட்டு எலும்பை வயது பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்பது பெரிசாத்துக்குத் தொட்டில் பழக்கம். ஆனால் அது மின்னஞ்சலுக்கும் பொருந்தும் என்று யாரும் சொன்னதில்லை. பதறிப்போய் வயதுப்படி வரிசையை மாற்றி இன்னொரு கடிதம் அனுப்பினாள். இப்போது ஏழு பேரில் இன்னொருவரான குபானிச் முதலிடத்துக்கு வந்தார். அவரும் சொவேத்பெக்கும் ஒரே வருடத்துக்காரர்கள். ஆனால் குபானிச் மார்ச், சொவேத்பெக் நவம்பர். குபானிச் தன் பிறப்புச் சான்றிதழைப் படம்பிடித்து நாலாயிரம் பேருக்கும் பதில் போட்டார். தான் பிறந்ததை ஒரு வருடம் கழித்துத்தான் பதிவு செய்தார்கள் என்று சொவேத்பெக் அதற்கு ஒரு பதில் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் கடிதமே வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள்.

"அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. எலும்ப நானே பிரிக்கிறேன். புத்தகப் பொறுப்பு யாருக்குன்னும் அங்கயே சொல்லிடுறேன்," என்றார் சொவேத்பெக்.

பெரிசாத் வியாழக்கிழமை முழுக்க அவருடைய கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு பக்கம். டிராலிபேருந்துச் சீட்டின் ஓரத்துத் துளைகளைப் பற்றியே முதல் நாலு பக்கம். ஐந்தாம் பக்கத்தில் நகத்துக்குச் சாயம் பூசப் போனவள் திரும்பவில்லை. விருந்தில் அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயம் இருந்தது, ஆனால் அந்தத் துளைகளைப் படிக்க வைக்கிற அளவுக்கு அது பெரிதாக இல்லை.

சனிக்கிழமை மேசையில் குதிரைப்பால், பொரித்த ரொட்டி, ஜாம், திராட்சை என்று இடமே இல்லை. சொவேத்பெக்கின் மருமகள் ஊல்கான் சமோவர் என்ற தேநீர்க் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, பகலில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிற வேலை. விருந்தாளிகள் காலிக் கிண்ணத்தை நீட்டும்போது மட்டும் அவள் பக்கம் பார்த்தார்கள்.

இறைச்சி வந்தது. சொவேத்பெக் இடுப்பெலும்பை எடுத்து, எல்லாரும் பார்க்க, குபானிச்சின் தட்டில் வைத்தார். குபானிச் வாயைப் பிளந்தார்.

"இந்தா, பெரியவரு நீதான். போதுமா?" பிறகு விருந்தின் பெரிய மரியாதையான வேகவைத்த ஆட்டுத் தலையை எல்லார் நடுவிலும் வைத்தார். "இது யாருக்குன்னு என் கட்டுரையிலயே எழுதிட்டேன். படிச்சவங்க சொல்லுங்க. சரியா சொல்றவங்களுக்குத் தலை. புத்தகமும் அவங்களுக்குத்தான்."

எர்மெக் ஜாமைக் கிளறினான். குபானிச் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிசாத்," என்றார் சொவேத்பெக், நம்பிக்கையோடு. "நீ எழுதியிருந்தியே, 'ஒரே மூச்சில் படித்தேன், கண் கலங்கியது'ன்னு. எந்தப் பக்கத்துல கலங்குச்சு?"

ஏழாம் பக்கம் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அம்மா, சித்தி, கெட்டில் எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. எதிரில் கிழவரின் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"நான் படிக்கல, அகாய். நாலு பக்கம்தான் போச்சு."

"நாலா?" என்றார் குபானிச் ஆச்சரியமாக. "பரவாயில்லயே."

"நீ எத்தன படிச்ச?"

"எனக்குக் கண்ணுல புரை, சொவேத்பெக்."

"சரி, அது போகட்டும். நீங்க எங்களுத படிச்சீங்களா, அகாய்?" என்று எர்மெக் மெதுவாகக் கேட்டான். "என்னோடது ஆறு பக்கம்தான்."

சொவேத்பெக் இருமினார். நெடுநேரம் இருமினார்.

"பத்தொன்பதாம் பக்கம்," என்றது சமோவர் பக்கத்துக் குரல். ஊல்கான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "'இவ்வளவு தூரம் வந்தவர் யாராக இருந்தாலும், ஆட்டுத் தலை அவருக்கே.' தலை எனக்கு."

"நீ வீட்டு மருமகம்மா, விருந்தாளியில்ல!" என்றார் மாமனார்.

"'யாராக இருந்தாலும்'னு இருக்கு, அப்பா."

"நான் அப்படி எழுதல! 'எந்த ஆண்மகனாக இருந்தாலும்'னு எழுதினேன்!"

"எழுதினீங்க. நான்தான் மாத்தினேன். ரெண்டு வாரமா இணையதளத்துல கெடக்கு. நீங்களும் திருப்பிப் படிக்கல போல."

குபானிச்தான் முதலில் சிரித்தார். இடுப்பெலும்பு தட்டிலிருந்து உருண்டு விழும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏழு பேர் எழுதினதையும் நான்தான் திருத்தினேன்," என்று ஊல்கான் நிதானமாகத் தொடர்ந்தாள். "எர்மெக், ஒன் கட்டுரையோட முடிவு ஆரம்பத்துல இருக்கணும். குபானிச் அகாய், மூணாம் பக்கத்துலயும் எட்டாம் பக்கத்துலயும் ஒரே பத்தி. அப்பா, ஒங்க கட்டுரை பதினெட்டாம் பக்கத்துலதான் தொடங்குது. அங்கருந்து ரொம்ப நல்லாருக்கு. சீட்டு நெறமா ஒங்கம்மாவோட தலைத்துணி நெறத்த எடுத்தேன்னு சொல்ற எடத்துல நான் அழுதேன்."

சொவேத்பெக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக அந்தக் கையால் தேநீர் குடித்திருந்தார். பிறகு எழுந்து, தலையிருந்த தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். கத்தியின் பிடியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். புத்தகம் கைவிட்டுப் போனது பெரிசாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வலித்தது. ஆனால் ஊல்கான்மேல் ஒரு சொல்கூடக் குறை சொல்ல அவளால் முடியவில்லை.

தலையைப் பெற்றவர்தான் அதைப் பங்கு போட வேண்டும். ஊல்கான் ஒரு காதைச் சுத்தமாக அறுத்தெடுத்தாள். சின்னப்பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று அவர்களுக்குக் கொடுக்கிற துண்டு அது. மேசையைச் சுற்றி நடந்துவந்து அதைப் பெரிசாத்தின் தட்டில் வைத்தாள்.

"எஜே, எனக்கு முப்பத்துநாலு வயசு," என்றாள் பெரிசாத், அக்கா முறை வைத்து.

"தெரியும். சாப்பிடு."

சாப்பிட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முகம் எரிந்தது, காது நன்றாக வெந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் ஒரே ஒரு கட்டுரை இருந்தது. அதன் கீழே அவள் எழுதினாள்: 'பதினெட்டாம் பக்கத்திலிருந்து படியுங்கள்.'