சந்தனம் வைத்த பென் டிரைவ்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். மேஸ்திரி பச்சமுத்து முருகையனுக்குத் தரவேண்டிய மூட்டைக்கூலி பாக்கி. மேஸ்திரியே அதைத் தன் வாயால் சொன்ன வீடியோ இந்த பென் டிரைவுக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் கடை இந்துமதி அதைக் கம்ப்யூட்டரில் சொருகிச் சொருகி எடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

நெல் ஏலம் நடக்கிற செஞ்சி கமிட்டியில் முருகையன் இருபது வருஷமாக மூட்டை தூக்குகிறவர். போன ஆடியில் குடியை விட்டார். விட்டபிறகு பழைய பாக்கியெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாசம் இதைக் கேட்டதற்கு மேஸ்திரி, "குடுத்தாச்சு" என்றார். எப்போ, யார் கையில் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவருக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் துண்டை உதறி, "திருட்டுப்பய" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு நாலு மணிக்கு மூட்டை தூக்குகிறவர்களின் கூலி செட்டு கூடுகிறது. பொய் சொன்னது யாரோ அவர் செட்டை விட்டுப் போகவேண்டும் என்று பேச்சு.

"ண்ணா, இதுல இன்னா பூசி வச்சிருக்கீங்க?"

"சந்தனம்மா. ஆயுத பூஜைக்கு வச்சது. மூட்ட குத்துற கொக்கிக்கு வச்சேன். துட்டு இதுக்குள்ளதான இருக்குதுன்னு இதுக்கும் வச்சேன்."

"நல்லவேள, தேங்கா ஒடைக்காம உட்டீங்களே."

அவள் சிரித்துக்கொண்டே பென் டிரைவோடு உள்ளறைப் பக்கம் திரும்பினாள். முருகையன் எழுந்துவிட்டார். இந்தக் கட்டடம் பச்சமுத்துவின் மச்சானுடையது. வாடகை யாருக்குப் போகிறதோ வேலையும் அவர்களுக்குத்தானே நடக்கும்?

"எதுன்னாலும் இங்கியே பண்ணும்மா."

அவள் அவர் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தை ஊசியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் சொருகினாள். திரையில் இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. நாற்பத்தைந்து வயதில் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் படித்தவர் அவர். தமிழென்றால் பேப்பரே படித்துவிடுவார். இங்கிலீஷ் அவருக்குப் பூட்டின கதவுதான்.

"இன்னா கேக்குது?"

"ஃபார்மட் பண்ணவான்னு. பண்ணா எல்லாம் பூடும்."

"அப்ப கைய ஏம்மா அதும்மேலயே வச்சிருக்க?"

இந்துமதி மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வேணும்னா நீங்களே புடிங்கண்ணா." அவர் பிடிக்கவில்லை. நாற்காலியை மட்டும் இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேறு ஏதோ புரோகிராம் ஒன்றை ஓடவிட்டாள். பச்சைக்கோடு ஒன்று நத்தை மாதிரி நகர்ந்தது. "அழிச்சதுகூட வரும்ணா இதுல" என்றாள். எம்பொண்ணு எதையும் அழிக்கலியே என்று அவர் நினைத்துக்கொண்டார். மகள் பூங்குழலி புதுப் போன் வாங்கியபோது பழைய போனில் எடுத்து வைத்திருந்ததையெல்லாம் இதில் ஏற்றி, "பத்திரமா வையி நைனா" என்று கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனவள்.

ஒண்ணரை மணி நேரம் கழித்து, ஆட்டுக்குட்டி, தேர் இழுப்பு, சினேகிதிகள் எல்லாம் வந்த பிறகு, திரையில் எடைமேடை ஓரத்தில் மேஸ்திரி வந்தார். "பதினெட்டாயிரத்தி அறநூத்தி நாப்பது. பொங்கலுக்குத் தரேன், போதுமா?"

"பாத்தியாம்மா! பாத்தியா!" முருகையன் தொடையில் தட்டினார்.

"இதுக்கடுத்தது அழிச்சதுண்ணா. அதுலயும் அவருதான் இருக்கறாரு" என்று இந்துமதி அதையும் தட்டினாள். கேட்காமலே ஏன் தட்டுகிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது.

முருகையன் வீட்டு வாசல். வாசலில் கோலம், கரும்புச் சோகை. மேஸ்திரி ஐந்நூறு ரூபாய்த் தாள்களையும் மேல்சில்லறையையும் எண்ணி முருகையனின் மனைவி செல்லம்மாள் கையில் வைத்தார். "நல்லா எண்ணிக்க தங்கச்சி. நாளைக்கி வரலன்னுடாத. பாப்பா, புடிச்சிக்கினியா?"

"அவரு காதுல போட்டுடாதண்ணா" என்றாள் செல்லம்மாள். "ஒரே நாள்ல ஒயின்ஷாப்புல உட்டுடுவாரு. அடகு வச்ச காதுத் தோட்ட மூட்டுக்கறேன். யாரு கேட்டாலும் எங்கிட்ட குடுத்தன்னு சொல்லாத. எம்மேல சத்தியம் பண்ணு."

"சரி போ, பண்ணிட்டேன்."

படம் பிடித்துக்கொண்டிருந்த பூங்குழலி போனைக் கொஞ்சம் திருப்பினாள். படத்தின் ஓரத்தில், பட்டப்பகலில், கோலத்து மேலேயே ஒரு ஆள் லுங்கி விலகிக் கிடந்தான். வாயோரம் ஈ. முருகையன் அந்தக் காலைப் பார்த்தார். வெடித்த குதிகால். அவருடையதுதான்.

இந்துமதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதண்ணா காப்பி பண்ணட்டும்?"

"ஒண்ணும் வாணாம்மா."

நாலு மணிக்குக் கமிட்டியில் பன்னிரண்டு பேர் சாக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். முருகையன் உட்காரவில்லை. "துட்டு வந்துடுச்சு. பைசா பாக்கியில்ல. நான் பேசுனதுதான் தப்பு."

"எங்கண்ண வந்துது, கனாவுலயா?" என்றான் குரு. செட்டிலேயே வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். சிரிப்பு அடங்கியதும் அவனே கேட்டான். "அப்ப செட்ட உட்டுப் போறது யாரு?"

மேஸ்திரி முருகையனின் முகத்தையே பார்த்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. எழுந்து துண்டைத் தலையில் கட்டினார்.

"லாரி நிக்குது. மொதல்ல ஏத்துங்கடா."

முருகையன் போய் முதுகை வளைத்து நின்றார். மூட்டையின் ஒரு முனையைக் குரு பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க எப்போதும் வருகிற ஆள் வரவில்லை. மேஸ்திரியின் கைதான் வந்தது. மூட்டை முதுகில் இறங்கியது. சாக்கின் தையல் விட்ட இடத்திலிருந்து நெல் ஒழுகி, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிச் சுணைத்தது. இரண்டு கையும் மேலே மாட்டிக்கொண்டிருந்தன. சொறியாமல் லாரிப் பலகைமேல் ஏறினார்.