ஒன்பது மணிக்கு மேல் நிலா கிடையாது

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. குடியிருக்கும் மாடி அறைக்குச் சன்னல் வழியாக அதுவே ஏறி வந்தது. பௌர்ணமி இரவு; கீழ்வீட்டில் ஒரு 'டிங்'. உடனே குழந்தையின் அழுகை. மறுபடி 'டிங்'. கேட்டது இவ்வளவுதான், மீதி என் கைச்சரக்கு.

2

நிலா ஒரு வெள்ளி நாணயம் போல மலைக்குப் பின்னால்...

(வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படிப்பதன் கோளாறு.)

சிந்துஜாவும் அவள் கணவன் மாறனும் ரமணாசிரமம் பக்கம் மூன்று அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தங்கிப் போனவர்களுக்காக அவள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தாள். பௌர்ணமியன்று அவரவர் ஊரில் நிலா எழும்போது ஒரு படம் அனுப்ப வேண்டும். யோசனை அவளுடையதே. நிலாவோ எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. போலந்து, டிங். போர்ச்சுகல், டிங். கைக்குழந்தை இனியாவுக்கு அன்று தடுப்பூசி போட்டிருந்தது. காய்ச்சலில் முனகி முனகி அப்போதுதான் கண் மூடியிருந்தாள்.

"குரூப்ப மியூட் பண்ணிட்டுப் படேன்," என்றான் மாறன்.

3

பண்ணினால் கதை இங்கேயே முடிந்துவிடும். அவளைத் தடுக்க ஒரு காரணம் தேடினேன். மியூட் செய்யத் தெரியாதவள்? (அறை புக்கிங் எல்லாம் போனில் பார்ப்பவள், நம்ப மாட்டீர்கள்.) அவசர அழைப்புக்குக் காத்திருக்கிறாள்? குழுவை மியூட் செய்தாலும் அழைப்பு வருமே. அப்படியானால் ஒரு பழைய காதல்...

அதற்குள் அவளே வாயைத் திறந்துவிட்டாள்.

"நான் ஏன் மியூட் பண்ணணும்? ஒம்பது மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு ரூம் ரூமா எழுதி ஒட்டியிருக்கேன் இல்ல? ஊருக்குப் போயிட்டா ரூல் மாறிடுமா?"

"அவங்க ஊர்ல இப்பதாண்டி சாயங்காலம்."

"வீடு என்னுது. மணியும் என்னுதுதான்."

"சரி, உலகத்துக்கே நீதான் வாட்ச்மேன். நடத்து."

இந்தக் காரணம் எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது. கதையை அவளிடமே விட்டுவிட்டேன்.

4

எழுந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டினாள்: குழந்தைக்குக் காய்ச்சல். இந்திய நேரம் ஒன்பதுக்கு மேல் நிலா கிடையாது. மீறினால் நீக்கம்.

டிங். மன்னித்துவிடு, சிந்து. டிங். குழந்தைக்கு முத்தங்கள். டிங், டிங், டிங். நாற்பது நாகரிகமான மனிதர்கள் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்கள். இனியா வீறிட்டாள்.

மாறன் தலையணைக்குள் சிரித்தான். "போய் இன்னொரு நோட்டீஸ் ஒட்டு."

"சிரிக்காதீங்க. மன்னிப்பும் கேக்கக் கூடாதுன்னு போட்டுட்டேன்."*

(*அதற்கும் ஒருவர் 'சரி' என்று பதில் போட்டார். நீக்கிவிட்டாள். பாவம் என்று அவரைத் திரும்பச் சேர்த்து ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அவள் ஒப்பவில்லை.)

5

விடியற்காலை நான்கு மணி. இப்போது சத்தமில்லை. இனியா தூங்குகிறாள். சிந்துஜா போனை முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மியூட் செய்யவில்லை, செய்யவும் மாட்டாள்.

இரண்டு முடிவுகளை எழுதி அழித்தேன். ஒன்றில் அவள் விட்டுக்கொடுத்தாள். இன்னொன்றில் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை.

மிச்சமிருப்பது ஒரே ஊர், சிலி. நிலா அங்கே இப்போதுதான் எழுகிறது. அங்கிருக்கும் உறுப்பினர் நீங்கள்தான், வாசகரே. அவள் எழுதியதைப் படித்துவிட்டீர்கள். ஆனாலும் படம் அவ்வளவு அருமையாக வந்திருக்கிறது. விரல் அனுப்பும் பொத்தான்மேல் நிற்கிறது.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும்: குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை.