அம்மா சொல்லட்டும்

“நீங்க இருங்க, அம்மா சொல்லட்டும்” என்று டாக்டரம்மா கையமர்த்தியதும், அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். மடியில் இரண்டரை வயது மகள் அனலாய்க் கொதித்தாள். பக்கத்து நாற்காலியில் மனைவி. பாதி மீட்டிங்கில் எழுந்து ஓடி வந்தவள், கழுத்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இன்னமும் தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, கூடுதல் சம்பளம் வாங்குகிறவள் வேலைக்குப் போவது, மற்றவர் வீட்டோடு இருந்து குழந்தையைப் பார்ப்பது என்று சாப்பாட்டு மேசையில் ஐந்தே நிமிடத்தில் முடிவாயிற்று. அன்றிலிருந்து குடியிருப்பு வாட்ச்மேனுக்கு அவன் ‘வீட்டம்மா சார்’. முதலில் சுருக்கென்றது, பிறகு மரத்துப்போனது. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் மனைவி முந்திக்கொண்டு, “இவரு சின்னதா ஒரு பிரேக்ல இருக்காரு” என்பாள். இரண்டு வருடமாக அதே சின்ன பிரேக்.

“காய்ச்சல் எப்பலேர்ந்தும்மா?”

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து.” உண்மையில் நேற்றுக் காலையிலிருந்தே.

“மருந்து ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்ல டாக்டர்” என்றாள் பட்டென்று. ஆபீஸில் தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் போனில் பேசும் அதே குரல். அந்தக் குரலுக்கடியில் அவள் பயந்துபோயிருந்தது அவனுக்கு மட்டும் தெரிந்தது. இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதில் உள்ளுக்குள் கடுகளவு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று கூசினான். அதற்குள் டாக்டரம்மா சொல்லி, நர்ஸ் காய்ச்சல் மருந்தை ஊற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுவந்துவிட்டாள்.

“வேணாம்! நான் குடுத்துட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகலை!”

டாக்டரம்மா பேனாவை வைத்தார். “பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதாம்மா?” பிறகு அவன் பக்கம் திரும்பி, “ஏன் சார், உங்களுக்கு இன்னைக்கு வேலை இல்லையா?”

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு இருவரும் எழுந்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அவ்ளோ சத்தமா சொல்லணுமா?”

“மருந்து விஷயம்டி...”

“தெரியும். சரியாத்தான் சொன்னீங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதான் கோவமா வருது. நாளைக்கு நான் லீவு போடறேன். நானே பாத்துக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க.”

இதைக் கேட்க எத்தனை நாள் ஏங்கியிருப்பான். இப்போது கேட்டதும், தன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்பதுபோல இருந்தது. சரி என்பதா, வேண்டாம் என்பதா? எதைச் சொன்னாலும் தப்பாகும்போலிருந்தது.

அவள் வேகமாக நடந்தாள். அரைத்தூக்கத்தில் இருந்த குழந்தை கையை நீட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. விடுவிக்க மனமில்லாமல் அவன் குனிந்தபடியே, அவள் எட்டுக்கு எட்டு வைத்துப் பக்கத்தில் ஒட்டி நடந்தான்.