நார்மல் நம்பர் ஒன்

எங்கள் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நார்மல் நம்பர் ஒன். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று தெரிந்தால் நேரில் பார்த்து இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

இவர், டாக்டர் பாச்சு, நுரையீரல் நிபுணர். நான் ஹம்ஸா. ஸ்கேன் படங்களைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டர். எனக்கு இருதயமும், அதிலிருந்து கிளம்புகிற அயோர்ட்டா என்ற பெரிய ரத்தக்குழாயும்தான் உலகம். சில வருஷங்களுக்கு முன்னால் இவர், நஞ்சன்கூடு ஃபாக்டரிகளில் தூசியிலும் புகையிலும் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சு ஸ்கேன் எடுத்து ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். படங்களை அளப்பதற்கு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். "நல்ல நெஞ்சு இப்படித்தான் இருக்கும்" என்று அதற்குக் காட்டிக்கொடுக்க ஒரு மாதிரிப் படம் தேவைப்பட்டது. யாரைப் படுக்க வைக்கலாம் என்று மற்றவர்கள் யோசிப்பதற்குள் இவர் சட்டையைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறிப் படுத்துவிட்டார்.

கண் படும்படியான நுரையீரல்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்று முதல் அந்தப் படம்தான் அளவுகோல். ஆராய்ச்சிக்கு வருகிற எல்லோருடைய நெஞ்சையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். வகுப்பில் மாணவர்களுக்கும் இவர் அதைத்தான் போட்டுக் காட்டுவார். "இது யாரோடதுன்னு கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்கும் வரை காத்துக்கொண்டு நிற்பார்.

இது போதாதென்று காலையில் சாமுண்டி மலைப் படி ஏற்றம் வேறு. பாதி வழியில் மூச்சு இரைக்க உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் அக்கறையாக நலம் விசாரிப்பார். ஒரு நாள் யாராவது இவரைக் கீழே உருட்டிவிடப் போகிறார்கள் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டிலும் இதே ராமாயணம்தான். "உன்னோடது என்ன, ஒரு குழாய். பிளம்பர் வேலை" என்பார். "உங்களோடது பலூன். தசராவுல தெருவுல விக்கறா" என்பேன். சாம்பார் ஆறும் வரை இது நடக்கும்.

ஸ்கேன் படத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரே படத்தை இரண்டு விதமாகத் திறந்து பார்க்கலாம். நுரையீரலுக்கான வெளிச்சத்தில் திறந்தால் நுரையீரல் நரம்பு நரம்பாகத் தெரியும். நடுவில் இருக்கிற இருதயமும் அயோர்ட்டாவும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. எங்கள் வெளிச்சத்தில் திறந்தால் அயோர்ட்டா விளிம்போடு தெரியும், நுரையீரல் வெறும் இருட்டு. அவரவர் தங்கள் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். இவரோ நோயாளி இல்லை, ஆராய்ச்சிக்காகப் படுத்தவர். அதனால் அந்தப் படம் ரிப்போர்ட் எழுத யாரிடமும் போகவில்லை. நுரையீரல்காரர்கள் தங்கள் வெளிச்சத்தில் பார்த்து, ஆஹா என்று சொல்லி, பூட்டி வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் அதே நஞ்சன்கூடு படங்களை வைத்து நான் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தேன். புகையில் வேலை செய்கிறவர்களுக்கு அயோர்ட்டாவும் வீங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படங்களை அளக்கும் வேலை என் மாணவி ஷ்ரேயாவுக்கு. கெட்டிக்காரப் பெண், ஆனால் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் சந்தோஷப்பட்டுவிடுவாள். ஒரு நாள் காலையில் மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

"மேடம், குட் நியூஸ்! யாருக்கும் வீக்கமே இல்லை. எல்லாருக்கும் நார்மலுக்கும் கம்மிதான்."

"கம்மியா? பீடி குடிக்கறவா, பிரஷர் இருக்கறவா எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும், மேடம்!"

"ஏண்டிம்மா, நஞ்சன்கூடே மொத்தமா சுருங்கிப் போச்சா? எதோட ஒப்பிட்டே?"

"நார்மல் நம்பர் ஒன்னோடதான். எப்பவும் அதானே வழக்கம்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எல்லோரும் எப்போதும் செய்கிறதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். புரோகிராம் எங்கேயோ உளறுகிறது என்று நினைத்து, இவருடைய படத்தை வரவழைத்து எங்கள் வெளிச்சத்துக்கு மாற்றினேன்.

இருதயத்தை விட்டுக் கிளம்புகிற இடத்தில் நாலு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டிய குழாய், நாலரையைத் தாண்டி உப்பியிருந்தது. புரோகிராமை நம்பாமல் கையால் அளந்தேன். மறுபடியும் அளந்தேன். ஷ்ரேயா நஞ்சன்கூட்டுக்காரர்கள் எல்லோரையும் ஒரு நோயாளியோடு ஒப்பிட்டு, அவர்கள் சௌக்கியம் என்று சொல்லியிருக்கிறாள். அந்த நோயாளி என் புருஷன்.

இந்த வீக்கம் வலிக்காது. மூச்சு வாங்காது. மலை ஏற விடும். பிறகு ஒரு நாள் கிழியும், கிழிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட அவகாசம் இருக்காது. இவருடைய அப்பா, நன்றாகப் பேசிக்கொண்டே இருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஹார்ட் அட்டாக் என்று எல்லோரும் சொன்னார்கள். எதுவாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்!

அன்று மத்தியானமே சரஸ்வதிபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஓடினேன். நார்மல் நம்பர் ஒன் முழு காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுவந்த ஆள் கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வையுங்கோ கீழே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

வைப்பாரா? நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்! மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தார்.

"பாத்தியா? மூச்சு வாங்கறதா எனக்கு?"

நோயாளிகளுக்குச் சொல்வதென்றால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்வேன். இவருக்கு மாடிப்படியிலேயே போட்டு உடைத்தேன். "ஏன்னா, உங்க அயோர்ட்டா வீங்கியிருக்கு."

"ஹௌதா? அப்படியா?" என்று சிரித்தார். "யார் அளந்தா? ஷ்ரேயாவா?"

"நான் அளந்தேன்."

"அது அரதப் பழசு படம். சும்னே பயப்படாதே."

"பழைய படத்துலயே இவ்வளவுன்னா இப்போ எவ்வளவு? நாளைக்கே வந்து படுங்கோ, ஸ்கேன் எடுக்கணும்."

இவர் கொஞ்சம் யோசித்தார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "நார்மலே நார்மல் இல்லைன்னா என் பேப்பர்லாம் என்ன ஆறது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க நுரையீரலுக்கு ஒரு கேடும் இல்லை. பேப்பரெல்லாம் பத்திரமா இருக்கும். நீங்கதான் இருக்க மாட்டேள்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் வரவில்லை, மீட்டிங்காம். அதற்கு மறுநாள் வகுப்பாம். அப்புறம் பெங்களூரில் ஏதோ கருத்தரங்காம். இவர் குளிக்கும் அறையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றாலும் நான் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தேன். அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எனக்கே ஒரு யோசனை வந்தது. இவருக்குக் கீழே வேலை செய்கிறவர் டாக்டர் பரத்வாஜ். சின்ன வயசு, சாமுண்டி மலையை இவரைவிட வேகமாக ஏறுகிறவர், அதனாலேயே இவருக்கு ஆகாது.

"பழைய மாதிரிப் படத்தை மாத்தப் போறோம். நீங்க வரலைன்னா பரவாயில்லை, பரத்வாஜைப் படுக்க வைக்கறேன். இனிமே அவர்தான் நார்மல் நம்பர் ஒன்."

"அவனா! அவனுக்கு வலது பக்க நுரையீரல்ல சின்ன வயசுத் தழும்பு ஒண்ணு இருக்கு தெரியுமா?" என்று குதித்தார். அடுத்த நாள் காலையில் எனக்கு முன்னாலேயே போய் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மெஷினை ஓட்டுகிறவர் முனிராஜ், கௌதள்ளி என்ற ஊர்க்காரர். இவரைப் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார். வழக்கமாக அவர்தான் மைக்கில் சொல்வார். அன்று நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"மூச்சை நன்னா இழுங்கோ. அப்படியே பிடிச்சுக்கோங்கோ."

இழுத்தார். பெருமையாகவே இழுத்தார். மெஷின் உறுமியது, நின்றது. திரையில் படம் வந்தது.

ஐந்தரை. கத்தி வைத்தே ஆக வேண்டிய அளவு. இத்தனை நாள் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மலை ஏறி, சிலிண்டர் தூக்கி, ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறார். என் கை மைக்கின் மேலேயே இருந்தது. கண் மறைத்தது.

"மேடம்," முனிராஜ் என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார், "சார் இன்னும் மூச்சே விடலீங்க."

நிமிர்ந்து பார்த்தேன். இவர் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பி, முகம் சிவந்து, நெஞ்சு நிமிர்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"விடுங்கோ!" மைக் தேவைப்படவில்லை, அவ்வளவு சத்தம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினேன். "மெஷின் நின்னது தெரியலையா? உங்களுக்குத் தெரியாத மெஷினா? என்னத்துக்குப் பிடிச்சுண்டு இருந்தேள்?"

"நீ விடச் சொல்லலையே," என்றார் மூச்சு வாங்க. எனக்குத் தெரிந்து அன்றுதான் இவருக்கு முதன்முதலாக மூச்சு வாங்கியது. "உன் மூஞ்சியைப் பாத்துண்டு இருந்தேன். எவ்வளவுன்னு தெரிஞ்சு போச்சு. ஆபரேஷன்தானே?"

தலையை ஆட்டினேன். வாதாடுவார் என்று காத்திருந்தேன். பேப்பர், கருத்தரங்கு, எதையாவது சொல்லேன் மனுஷா என்று மனசு கெஞ்சியது.

"நன்னா ஆயிடும்," என்றேன். "காலம் தவறலை. கிழியறதுக்கு முன்னாடியே பாத்துட்டோம். அந்த இடத்தை வெட்டிட்டுப் புதுசு தைச்சுடுவா."

"தைக்கற வரைக்கும் நுரையீரலை நிறுத்தி வச்சுடுவாளே ஹம்ஸா. மூச்சு நம்ம கையில இல்லையே."

இப்படி மெதுவாக இவர் பேசி நான் கேட்டதில்லை. ஊசி குத்தின கையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நான் அங்கேயேதான் நின்னுண்டு இருப்பேன்."

"இரு," என்றார். "ஆனா அன்னிக்காவது மறக்காம விடச் சொல்லு."