ஏழுகறி தின்ற ஆட்டக்காரன்

வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பத்தாறாம் வருடம் பாதி நாள் அதை வைத்தே அடுப்பு மூட்டியிருக்கலாம், விறகு மிச்சமாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வக்குவாவின் மைதானத்து வாசலில் நான் கத்தோ பிமான் போடுவேன். நம் பருப்பு வடைதான், பெயர் மட்டும் தீவுப் பேச்சான கிரெயோலில். எங்கள் பேச்சும் அப்படித்தான். சண்டையும் சமாதானமும் கிரெயோலில், சாமி மட்டும் தமிழில். என் வீட்டுக்காரர் விநாயகம் ஊர்க் கால்பந்து அணியில் ஒன்பது வருடம் இடது ஓரத்தில் ஆடியவர். பதினோராம் எண் சட்டை அவருடையது. அதைத் துவைத்துக் கொடியில் போட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். குழாயடியில் பெண்கள் எனக்கு இடம் விடுவார்கள். அந்த மரியாதை வடைக்காரி தெய்வானைக்கு வந்ததில்லை, பதினோராம் எண்ணின் பெண்டாட்டிக்கு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இதில் நான் பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் ஜில்பெர் வந்தான். ரெயூனியன் தீவுக்காரன், அவனுடைய பாட்டனாரும் நம் பாட்டனார் மாதிரி கரும்பு வெட்ட வந்த தமிழர்தான். கப்பலிறங்கி போர்ட் லூயியில் யாரோ உறவுக்காரர் வீட்டில் இருந்தவனை, என் வீட்டுக்காரரே போய்க் கூட்டிவந்தார். பஸ் பட்டறையில் தன் பக்கத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். எங்கள் பின்னறையில் தங்கவைத்தார். எல்லாம் அவர் செய்த கைங்கரியம்.

அவன் வந்தது ஜனவரி கடைசியில், தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள். வீட்டில் பத்து நாள் விரதம். முந்தின நாள் இறைச்சி தின்றுவிட்டேன், கோயில் பக்கம் வரமாட்டேன் என்று அவனே ஒதுங்கிக்கொண்டான். காவடியன்று தெருவே கோயிலில் இருக்க, அவன் எங்கள் கொல்லையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எனக்குப் பலாக்காய் நறுக்கி வைத்திருந்தான். நானும் அவரும் திரும்பி வந்து, மூன்று பேருமாக வாழையிலையில், விரதம் முடிக்கிற ஏழுகறி சாப்பிட்டோம். பூசணிக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றான். "அக்கா, எங்க தீவுல இவ்வளவு ருசியா கிடையாது" என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் காய்ச்சலில் படுத்தவன் ஒரு வாரம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கஷாயம் வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஏப்ரலில் அவனை இறக்கினார்கள், இடது ஓரத்தில். மூன்றாவது ஆட்டத்திலேயே என் வீட்டுக்காரர் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டிருந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. பதினோராம் எண் சட்டையை அப்போதும் நான்தான் துவைத்தேன், ஆனால் அதில் வேறு ஒருவனுடைய வியர்வை.

இதில் கொடுமை என்னவென்றால், ஜில்பெரின் புகழ் முழுவதையும் என் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நின்றுதான் பாடினார்கள். முடிதிருத்துகிற ஆறுமுகம் அண்ணன் ஒரு பக்கம், போல் என்கிற பஸ் கண்டக்டர் மறுபக்கம். இரண்டு பேரும் அணிக்காக உயிரை விடுவார்கள், ஒருவரோடு ஒருவர் மட்டும் ஒத்துப்போகமாட்டார்கள்.

பதினொரு பேர் எந்த ஊரிலும் கிடைப்பார்கள், பன்னிரண்டாவது ஆள் யார் என்று பார்த்துத்தான் அணியை எடைபோட வேண்டும் என்பது ஆறுமுகம் அண்ணனின் கட்சி. இத்தனை நாள் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் ரொட்டிக்கடை தெனியைத்தானே இறக்க வேண்டியிருந்தது, அவன் பந்தைத் துரத்துகிறானா பந்து அவனைத் துரத்துகிறதா என்றே தெரியாதே என்பார். இப்போது ஜில்பெர் ஆடுகிறான், வெளியே விநாயகம் தயாராக இருக்கிறான், இந்தப் பலம் எந்த அணிக்கு உண்டு என்று கேட்பார். போல் ஒத்துக்கொள்ளமாட்டான். வெளித்தீவிலிருந்து ஆள் கொண்டுவந்து ஜெயித்தால் அது யாருடைய ஜெயம், நாளைக்கு அவன் கப்பலேறிவிட்டால் கோப்பையை யார் வீட்டில் வைப்பது என்பான். அப்படிச் சொன்ன அதே வாயால், ஆனாலும் அவன் இடது காலுக்கு ஈடு இந்தத் தீவில் இல்லை என்றும் சொல்லிவிடுவான்.

ஜில்பெரைப் புகழ்ந்தவர்களுக்கெல்லாம் கருகின வடையாகப் பார்த்துப் போட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அவ்வளவு மயக்கம்.

வீட்டில் இவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. சாயங்காலம் கொல்லையில் அவனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவன் என்னைவிட நல்லா ஆடுறான் தெய்வான. கண்ணு இருக்குதில்ல எனக்கு" என்றார். அன்றைக்கு எனக்கு ஜில்பெர் மேல் வந்ததைவிட இவர் மேல் வந்த ஆத்திரம் அதிகம். எரிகிறவள் நான் ஒருத்திதான் என்றால் அந்தச் சூடு இரண்டு பங்காகத்தானே இருக்கும்.

ஜூலை கடைசி ஞாயிறு கோப்பையின் இறுதி ஆட்டம், பாம்பூ ஊர் அணியோடு. மற்ற ஆட்டங்களில் கேட்காத விதி ஒன்று இறுதி ஆட்டத்துக்கு உண்டு. வெளித்தீவு ஆள் ஆட வேண்டுமானால் அந்த அணியின் ஊரிலேயே ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். பாம்பூக்காரர்கள் ஆட்சேபம் எழுதிப் போட்டார்கள். கப்பல் முத்திரை அவன் தீவுக்கு வந்த நாளைச் சொல்லும், வக்குவாவுக்கு வந்த நாளைச் சொல்லாது. காவடிக்கு முன்னால் வந்தான் என்றால் ஆறு மாதம் முடிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து வந்தான் என்றால் முடியவில்லை. என் சட்டியைச் சுற்றி இரண்டு வாரம் இதே வழக்குதான். காவடியன்று அவனைக் கோயிலில் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அன்று அவனை வீட்டில் பார்த்தவர்கள் இரண்டே பேர், நானும் இவரும்.

புதன்கிழமை சந்தையில் கடை போட்டிருந்தேன். தொப்பி வைத்த ஒரு மனிதர் வந்து நான்கு வடை வாங்கித் தின்றார், காரம் நன்றாக இருக்கிறது என்றார், பிறகு தான் ஆட்டக் கமிட்டியிலிருந்து வருவதாகச் சொன்னார். உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் பையன் எப்போது வந்தான் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

ஜில்பெர் ஆடாவிட்டால் ஓரத்தில் ஆட ஒருவர்தான் உண்டு. அந்தக் கணக்குப் போட எனக்குக் கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"காவடி முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு" என்றேன்.

நன்றாக நினைவிருக்கிறதா என்றார். ஏழுகறி இலையில் அவன் உட்காரவே இல்லை ஐயா, உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெரியாதா என்றேன். அவன் மூன்று தரம் கேட்டு வாங்கின பூசணிக்காய் அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் வரட்டும் என்று மாவைத் தட்டினேன்.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு ஜில்பெருக்கு நானே கூப்பிட்டு இரண்டு கரண்டி அதிகம் போட்டேன். குற்றமுள்ள நெஞ்சு அப்படித்தான்.

எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருந்தது. அணியின் செயலாளர் திருவேங்கடம் அதற்கு நான்கு நாள் முன்பே என் வீட்டுக்காரரிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கமிட்டிக்கு அனுப்பியிருந்தார். ஜில்பெர் காவடிக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தான், மறுநாள் என் வீட்டில் சாப்பிட்டான் என்று. நான் சத்தம் போடுவேன் என்று இவர் என்னிடம் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டியின் பதில் வந்தது. பிரெஞ்சில் இருந்ததால் இவர் வாசித்துச் சொன்னார். மனைவியின் வாக்குமூலப்படி ஜில்பெர் ஆறு மாதம் குடியிருக்கவில்லை, ஆகவே ஆட முடியாது. பொய்க் கடிதம் கொடுத்த விநாயகம் இந்த வருடம் முழுவதும் ஆட முடியாது. இரண்டாவது வரியை வாசிக்கும்போதும் அவர் குரல் மாறவில்லை. நான்தான் எழுந்துவிட்டேன். இப்போதே போகிறேன், அந்த ஆளிடம் உள்ளதைச் சொல்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"வேணாம்" என்றார். "ஒரே வீட்டுல ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்லியிருக்கோம். யாராச்சும் ஒருத்தர் பொய்யின்னு எழுதித்தான் ஆகணும். அது எம்பேரு மேலயே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஜில்பெருக்குச் சொல்லப் பின்னறைக்குப் போனார். என் பெயரைச் சொல்லாமல்தான் சொல்லியிருப்பார். ஆனால் தான் சாப்பிட்ட இலை யாருக்குத் தெரியும் என்பது ஜில்பெருக்கா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தூறலில் ஆட்டம் நடந்தது. இடது ஓரத்தில் ரொட்டிக்கடை தெனி, பதினோராம் எண் சட்டை வயிற்றில் பிதுங்க ஓடினான். பாம்பூக்காரர்கள் அந்த ஓரமாகவே வந்து வந்து மூன்று கோல் போட்டார்கள். என் வீட்டுக்காரர் மைதானத்துக்கு வரவில்லை. நான் வந்தேன். வராவிட்டால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம்தான்.

ஆட்டம் முடிந்ததும் சட்டியைச் சுற்றிக் கூட்டம். ஒருவரும் ஜில்பெரைத் திட்டவில்லை. விநாயகத்தைத்தான் திட்டினார்கள். பன்னிரண்டு பேர் இருந்த அணியைப் பத்தாக்கினவன் என்றார் ஆறுமுகம் அண்ணன். ஊரான் பிள்ளைக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டு ஊர்க் கோப்பையைத் தொலைத்தானே, இதற்கு எவ்வளவு வாங்கினானோ என்றான் போல். ஒன்பது வருடம் அந்த ஓரத்தில் அவர் ஓடின ஓட்டத்தை இத்தனை பேரும் ஒரே நாளில் மறந்துவிட்டார்கள். என்னால் தாங்க முடியவில்லை. கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினேன்.

"அவரு பொய் சொல்லல. காவடிக்கு முந்தின நாளே அவன் வந்துட்டான். பொய் சொன்னது நான்" என்றேன்.

இதோ வரப்போகிறது, கல் எறிந்தாலும் எறியட்டும் என்று நின்றேன்.

ஆறுமுகம் அண்ணன் தலையை ஆட்டினார். "பாத்தியா போல்? புருஷன் மானம் போவுதுன்னதும் பழிய தூக்கி தன் தலையில போட்டுக்குது. விநாயகத்துக்கு வாய்ச்ச பொண்டாட்டி நமக்கு வாய்க்கல."

இல்லை அண்ணா, சத்தியமாக நான்தான் என்றேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் முகத்தில் மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று. என் வீட்டுக்காரிக்கு இதில் கால் பங்கு இருந்தால் போதும் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். போல் தன் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். குழாயடியில் ஒன்பது வருடம் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய மரியாதை, என் புருஷனைப் பொய்யனாக்கியதற்குக் கிடைத்தது.

கூட்டத்துக்குப் பின்னால் ஜில்பெர் நின்றிருந்தான். அவன் மட்டும் என்னைப் புகழவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு கிட்டே வந்து, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பெரிய சட்டியை, வழக்கமாக என் வீட்டுக்காரர் தூக்கிவரும் சட்டியை, எடுத்துக்கொண்டான். நானே தூக்குகிறேன் என்றேன்.

"வாங்கக்கா, நேரமாச்சு" என்று முன்னால் நடந்தான்.