முகிலன்கிட்ட சொல்லு

மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அத்தாவின் உதட்டில் விட்டாள் ஃபரா. பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. துப்பட்டாவால் துடைத்தாள். தலைமாட்டில் ஜெய்னப் பெரியம்மா குனிந்து, அவர் காதருகே கலிமாவை, இறைவன் ஒருவனே என்ற உறுதிமொழியை, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே வேலை. அத்தா அப்துல் ரசாக் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் உதடு அசைந்தது. கலிமாதான். திக்கித் திணறி, ஆனால் முழுசாக.

"அல்ஹம்துலில்லாஹ்." பெரியம்மா கண்ணை ஒற்றிக்கொண்டார். "சொல்லிட்டாரு. இனிமே யாரும் அவர்கிட்ட ஊரு ஒலகத் துனியாப் பேச்சு பேசக் கூடாது. கடைசி வார்த்தை இதுவாவே இருக்கணும். வேற எதாவது பேசிட்டாருன்னா மறுபடி மொதல்லேர்ந்து சொல்ல வெக்கணும், தெரியுதா?"

ஃபரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்றைக்குப் பார்த்துத்தானா ஃபைனல் வர வேண்டும்!

ஏரிக்கரை பாய்ஸ் என்றால் பீர்க்கன்கரணைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் டயர் கடை ரசாக் பாய்க்கு உலகத்தில் வேறு ஃபுட்பால் டீமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போய், கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்துவார். தோற்றால் வீடு வந்து சேரும்வரை ஒவ்வொருவனையும் பெயர் சொல்லித் திட்டுவார். அதில் முன்வரிசையில் ஆடும் முகிலனுக்குத்தான் பெரிய பங்கு. திட்டி முடித்த கையோடு அவனுக்கே புரோட்டா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் அந்த டீம் ஃபைனலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

போன் அதிர்ந்தது. தம்பி அக்தர், மைதானத்திலிருந்து. ஃபரா அடுப்படிக்கு ஓடினாள்.

"போச்சுக்கா. பெனால்டில போச்சு. கடைசி ஷாட்டு, முகிலன் மேல தூக்கி அடிச்சிட்டான்." அழுதுகொண்டிருந்தான். "மேடவாக்கத்துக்காரனுங்க ஆடிகினு கீறானுங்க. அத்தா எப்டிக்கா கீறாரு?"

"கலிமா சொல்லிட்டாரு. நீ சீக்கிரம் வா. ஆனா வாயத் தொறக்காத. தெருக்கொழாய்ல மூஞ்சியக் கழுவிகினு வா. அழுத மூஞ்சியோட உள்ள வராத."

திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், இவர் எதுவும் கேட்டுவிடக் கூடாது. பெற்றவர் பேசக் கூடாது என்று துஆ கேட்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கே அழுகை முட்டியது.

அக்தர் வந்தான். சொன்னபடியே முகம் கழுவி, தலையைக்கூட வாரியிருந்தான். அத்தாவின் கண்கள் திறந்து அவன் முகத்தில் நின்றன. செய்த தப்பு அப்போதுதான் ஃபராவுக்கு உறைத்தது. ஜெயித்த நாளில் அக்தர் தலை முதல் கழுத்துவரை மஞ்சள் கலர்ப் பொடியோடுதான் வருவான். விரட்டினால்கூடக் குளிக்க மாட்டான். இந்தச் சுத்தமான முகத்தை அத்தா எத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறார்!

"தோத்துட்டமா?"

குரல் வெறும் காற்றாக வந்தது. பெரியம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்தர் சுவரைப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லலாம்தான். யார் கோல் அடித்தது என்று கேட்பார், எப்படி அடித்தான் என்பார், பேச்சு வளரும். அதைவிட, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஃபராவுக்குப் பொய் வரவில்லை.

"ஆமாத்தா. பெனால்டில."

பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யாரு வுட்டது?"

"முகிலன்."

அவர் முகம் சுருங்கியது. சின்ன வயதிலிருந்து ஃபரா பார்த்துப் பழகிய அதே சுருக்கம்தான். இதை இன்றைக்கும் பார்க்க வேண்டியதாயிற்றே.

"ரசாக் தம்பி, அத வுடுங்க. லா இலாஹ இல்லல்லாஹ்..." பெரியம்மா அவசரமாகக் குனிந்தார். உதடு அசைந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தார்கள்.

"முகிலன்கிட்ட சொல்லு..."

நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க அவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். பெரியம்மா மட்டும் கலிமாவை நிறுத்தவில்லை, கேட்கிற காது போய்விட்டது தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அத்தாவின் கண்களை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினார்.

அத்தாவின் வாயிலிருந்து கலிமாவைத் தட்டிப் பறித்தவள் நான்தான் என்று ஃபரா அந்த இடத்திலேயே முடிவு கட்டிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குள் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு ருக்ஸானா வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்தவுடன், எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"கலிமா சொன்னாரா?"

ஃபரா பெரியம்மாவின் வாயைப் பார்த்தாள். பெரியம்மா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"சொன்னாரு" என்றார் பெரியம்மா. "தெளிவா சொன்னாரு." ஃபராவின் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

வெளியே நாற்காலி பிரிக்கும் சத்தம் கேட்டது. ஃபரா எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் முகிலன் நின்றுகொண்டிருந்தான். ஜெர்சியைக்கூட மாற்றவில்லை. முழங்காலில் மண். உள்ளே வராமல், போகவும் போகாமல் நின்றான். அவள் இறங்கிப் போனாள்.

"அக்கா, பாய்க்கு மேட்ச் மேட்டர் தெரியுமா?"

"தெரியும்."

"நான்தான் வுட்டேன்னும்?"

"ம்."

"இன்னா சொன்னாரு?"

பரவாயில்லை என்றார், கவலைப்படாதே என்றார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அத்தா வாழ்நாளில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. இவன் நம்ப மாட்டான். நம்பினால் அதைவிட மோசம்.

"திட்டுனாரு" என்றாள்.

முகிலன் அவளையே பார்த்தான். "நெசமாவா?"

"வாய்க்கு வந்தபடி திட்டுனாரு. ஒன்னியும் வுட்டு வெக்கல."

"அதானே" என்றான். குரல் உடைந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து, பூட்ஸ் லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான். சேற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தான். அக்தர் வெளியே வந்து, அவன் பக்கத்தில் குந்தி, இன்னொரு காலை அவிழ்த்துவிட்டான்.